முற்றத்து நிழலும் அதனைத் தெரிந்தமைக்கும் முறையும்

வெயில் மிகுந்த நாட்டிலே நிழலும் வீட்டின் ஓர் உறுப்பாகும். பண்டைத் தமிழர் இதனை நன்குணர்ந்திருந்தனர். அகநானூற்றின் 86ஆஞ் செய்யுள் ஒரு மணவிழாவினைக் கூறுமிடத்துப் பந்தரின் குளிர்மையையும் அதன்கீழ்ப் பரப்பிய மணலையும் ஒருங்கே எடுத்துக் கூறுகின்றது. மேலே பந்தர், கீழே மணல் என்னும் இவ்விணைப்பு யாழ்ப்பாணத்து மணவீடுகளிலும் கோயில் வீதிகளிலுள்ள தண்ணீர்ப் பந்தல்களிலும் நெடுங்காலந் தொடர்ந்து வந்துள்ளது. நாற்சார் வீடும், அதன் விறாந்தையும், திண்ணையும், வேப்பமர நிழலும் ஆகிய யாவும் வெயிலைத் தடுத்துக் காற்றை வரவேற்கும் ஒரே நோக்கத்தின் பல வடிவங்களேயாம்.

இக்காலத்தில் நிலைமை மாறியுள்ளது. வளவுகள் சிறுத்துவிட்டன. முற்றத்து மரம் சருகு கொட்டுகின்றதெனத் தறிக்கப்படுகின்றது. மண் முற்றம் சீமெந்தால் மூடப்படுகின்றது. வீட்டின் முன்புறத்திலே தகரத்தாலோ பிளாத்திக்குத் தகட்டாலோ ஒரு பத்தி இறக்கப்படுகின்றது. இவ்வாறு செய்த பின்னர் நிழல் உண்டாகின்றது. ஆயினும் எதிர்பார்த்த குளிர்மை உண்டாவதில்லை. நண்பகலில் அப்பத்தியின்கீழ் இருப்போர் அடுப்பங்கரையில் இருப்பதுபோல் உணர்கின்றனர். செலவு செய்து நிழல் அமைத்தும் வெப்பந் தணியாமைக்குக் காரணம் யாது? நிழல்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதே இதற்கு விடையாகும். எத்திசையில், எப்பொருளால், எவ்வளவு காற்றுக்கு இடம்விட்டு அமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே நிழலின் பயன் அமைகின்றது.

முதலில் நிழல் செய்யும் வேலையை வரையறுத்தல் வேண்டும். மரத்தடியிலுள்ள காற்றின் வெப்பநிலையும், அதன் அருகே திறந்த வெளியில் வீசுங் காற்றின் வெப்பநிலையும் பெரிதும் வேறுபடுவதில்லை. எனினும் மரத்தடிக்குச் சென்றவன் உடனே ஆறுதலடைகின்றான். அவனுடலின்மேல் நேரே விழுந்த சூரியக்கதிர் தடுக்கப்பட்டமையே அதற்குக் காரணம். தெளிந்த வானில் நண்பகற் சூரியன் ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மேல் ஏறத்தாழ 1000 உவாற்று வலுவைச் சொரிகின்றது. இக்கதிரை உடலின்மேலும், சுவரின்மேலும், முற்றத்தின்மேலும் விழாது தடுப்பதே நிழலமைப்பின் முதற் கடன்.

ஆனால் தடுக்கப்பட்ட கதிர் மறைந்தொழிவதில்லை. அதில் ஒரு பகுதியைக் கூரைப்பொருள் வானை நோக்கித் திருப்பிவிடுகின்றது. எஞ்சியதைத் தானே உறிஞ்சிச் சூடேறுகின்றது. சூடேறிய பொருள் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக்கதிரைக் கீழ்நோக்கியும் வீசும். கதிர்வீசலின் அளவு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது பௌதிகவியலார் கண்ட விதி. அதன்படி, முழுமையாகக் கதிர்வீசும் பரப்பொன்று 35 பாகை செல்சியசில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 510 உவாற்றும், 60 பாகையில் ஏறத்தாழ 700 உவாற்றும் வீசும். துருவேறிய அல்லது நிறந்தீட்டிய தகரம் இம்முழுமையான பரப்புக்கு அண்மையான தன்மையுடையது. வெயிலிற் காய்ந்து கைவைக்க முடியாதபடி சுடும் தகரத்தின்கீழ் இருப்பவரின் தலைமேல் ஒவ்வொரு சதுர மீற்றரிலிருந்தும் இருநூறு உவாற்றுக்கு அண்மையான மேலதிக வெப்பம் இறங்குகின்றது என்பது இதனாற் பெறப்படும். மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றி இக்கதிரைத் தடுக்கமாட்டாது.

கிடுகின் இயல்பு இதற்கு மாறானது. தென்னோலையை நடுவே கிழித்து, நீரில் ஊறவிட்டுப் பின்னிய கிடுகு பல அடுக்குகளாக வேயப்படும்போது ஓலைகளுக்கிடையே காற்று சிறைப்படுகின்றது. காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். ஆதலின் கூரையின் மேற்புறம் காய்ந்தாலும் கீழ்ப்புறம் சூழ்ந்துள்ள காற்றின் வெப்பநிலையிலிருந்து அதிகம் உயர்வதில்லை. மேலும் கிடுகின் இடுக்குகளூடாகச் சூடான காற்று மெல்ல மேலேறி வெளியேறும். கிடுகுக் கொட்டிலின் குளிர்மைக்கு இவ்விரண்டுமே காரணம்.

பொருளை அறிந்தபின் திசையை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையளவில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை அடுத்து ஏப்பிரல் 15ஆந் திகதியளவிலும், பின்னர் ஆகஸ்ட் 28ஆந் திகதியளவிலும் நண்பகற் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கின்றது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகற் சூரியன் வீட்டின் வடக்குப் பக்கமாகவே செல்லும். தெற்கே மட்டும் வெயில் வரும் என்று எண்ணி வீட்டின் வடசுவரைக் காப்பின்றி விடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். வடக்கே நெடுந்தூரத்திலுள்ள நாடுகளுக்கென எழுதப்பட்ட கட்டட நூல்களின் விதிகளை அப்படியே ஈண்டுப் பின்பற்றுவதால் விளையும் பிழை இது.

மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைந்த, அதாவது 2.7 மீற்றர் உயரமான சுவரொன்றை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாத இறுதியிற் சூரியன் வடக்கே அதிகஞ் சென்றிருக்கும் நாளில், நண்பகலில் அச்சுவரின் வடபுறத்தை முழுமையாக நிழலில் வைப்பதற்கு 0.7 மீற்றர் நீண்ட கூரையிறக்கம் போதும். பிற்பகல் நான்கு மணியளவில் ஏறத்தாழ 1.6 மீற்றர் வேண்டும். தென்புறத்திலே, டிசம்பர் மாத இறுதியில் நண்பகலில் ஏறத்தாழ 1.8 மீற்றர் வேண்டும். ஆகவே வடக்கிலுந் தெற்கிலும் ஆறடி அகலமுள்ள விறாந்தையோ பத்தியோ இருப்பின், வெப்பம் மிகுந்த மாதங்களில் நாளின் பெரும்பகுதிக்கும் அச்சுவர்கள் காக்கப்படும். முன்னோர் ஆறடிக்குக் குறையாத விறாந்தை அமைத்தவிடத்து அது வெறும் அழகுக்காக அமைந்ததன்று என்பது இக்கணக்கால் விளங்கும்.

கிழக்கும் மேற்கும் இவ்வாறு எளிதில் அடங்குவன அல்ல. உச்சியைக் கடந்து நான்கு மணி நேரமானபின் சித்திரைச் சூரியன் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 31 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது மேற்கூறிய சுவரின் மேற்குப்புறத்தை முற்றாக மறைப்பதற்கு நான்கரை மீற்றர் அகலமான கூரை வேண்டும். ஐந்து மணி நேரமானபின் ஒன்பது மீற்றருக்கு மேல் வேண்டும். இவ்வளவு அகலமான பந்தலை அமைத்தல் சிறு வளவில் இயலாது. ஆதலின் மேற்கிலே கூரையை நீட்டுதலைவிட, நிலைக்குத்தாக நிற்கும் மறைப்பை நாடுதலே அறிவுடைமை. கிடுகுத் தட்டி, மூங்கிற் தட்டி, கொடி படர்ந்த வேலி, மரவரிசை என்பன இத்தகையன. காலை வெயிலும் இவ்வாறே சாய்வாக வரினும், இரவிற் குளிர்ந்த சுவரையே அது தாக்குகின்றது. மேற்கு வெயிலோ ஏற்கெனவே வெப்பமுற்ற வீட்டை மேலும் வாட்டுகின்றது. அன்றியும் கல்லும் சீமெந்துமான சுவர் பிற்பகலில் உறிஞ்சிய வெப்பத்தைச் சில மணி நேரங் கழித்தே உள்ளே விடுகின்றது. பகலில் வெயில் பட்ட அறையில் இரவில் உறக்கம் வாராமைக்கு இதுவே காரணம். எனவே பணமும் இடமும் ஒரு நிழலுக்கு மட்டுமே போதுமாயின், அந்நிழலை மேற்குச் சுவருக்கே கொடுத்தல் வேண்டும்.

யன்னலைப் பொறுத்தவரையும் நிழல் வெளியிலேயே இருத்தல் வேண்டும். கண்ணாடி யன்னலின் உட்புறத்தே திரைச்சீலை தொங்கவிடின், கண்ணாடியைக் கடந்துவந்த கதிர் திரையைச் சூடாக்கி, அவ்வெப்பத்தை அறைக்குள்ளேயே விட்டுவிடும். அதே சீலைக்கு ஈடான ஒரு தட்டியை வெளியே தொங்கவிடின், வெப்பம் வெளிக்காற்றோடு போய்விடும்.

அடுத்து ஆராயற்பாலது காற்று. நிழலமைப்பின்கீழ்த் திரளும் சூடான காற்று மேலே எழும் இயல்பினது. பத்தியின் மேல்விளிம்பைச் சுவரோடு இடைவெளியின்றிப் பொருத்திவிடின் அக்காற்று வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, யன்னல் வழியாக அறைக்குட் புகும். சுவருக்கும் பத்தியின் மேல்விளிம்புக்கும் இடையே ஒரு சாணளவு இடைவெளி விட்டு, மழை புகாதபடி அதன்மேற் சிறு மூடி அமைத்தால் இக்குறை நீங்கும். தாழ்ந்த பந்தலும் தீங்கானது. தலைக்கு அண்மையிலுள்ள கூரை அதிக வெப்பக்கதிரை வீசுவதோடு காற்றோட்டத்தையுந் தடுக்கும். மேற்குத் தட்டியைச் சுவரோடு ஒட்டவையாது ஒரு மீற்றர் தள்ளி நிறுத்தி, அடியிலும் மேலிலும் திறந்துவிடல் நன்று. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வருவது. வெயிலைத் தடுக்க எழுப்பிய மறைப்பு அக்காற்றையும் முற்றாகத் தடுத்துவிடின், ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்ததாக முடியும்.

நிலத்தையும் வானத்தையும் மறத்தலாகாது. வெயிலிற் கிடக்கும் சீமெந்துத் தரை பகலெல்லாம் வெப்பத்தைச் சேர்த்துவைத்து, அந்திப் பொழுதிலும் அதனை வெளிவிடும். வெண்மணல் கதிரின் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். மேலோடு சூடேறினும் விரைவில் ஆறும். ஈரமுள்ள மண்ணும் புல்லும் நீரை ஆவியாக்கி வெப்பத்தைக் குறைக்கும். இரவிலே தெளிந்த வானத்தை நோக்கி நிலம் தன் வெப்பத்தைக் கதிராக வீசிக் குளிர்கின்றது. முற்றம் முழுவதையும் நிலையான கூரையால் மூடிவிடின் இவ்விரவுக் குளிர்ச்சி தடைப்படும். நாற்சார் வீட்டின் சுற்றுப்புறம் நிழலாகவும் நடுமுற்றம் வெளியாகவும் அமைந்தமையின் நுட்பம் இதுவாகும். ஆகையால் முற்றத்தின் நடுப்பகுதியைத் திறந்துவிட்டு, வெயில் தாக்கும் ஓரங்களில் மட்டும் நிழல் அமைத்தல் பொருத்தமானது.

இனி உயிருள்ள நிழலைக் கருதுவோம். மரத்தின் இலை கதிரைத் தடுப்பதோடு ஆவியுயிர்ப்பினால் தன்னையும் குளிர்வித்துக்கொள்கின்றது. ஒரு இலீற்றர் நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம், 1000 உவாற்று மின்னடுப்பொன்று நாற்பது நிமிட நேரம் எரிந்து தரும் வெப்பத்துக்குச் சமமாகும். வேரால் உறிஞ்சிய நீரை நாள்தோறும் ஆவியாக்கும் மரம் எவ்வளவு வெப்பத்தைத் தன்மேல் ஏற்று ஒழிக்கின்றது என்பதை இதனாற் சிந்திக்கலாம். ஆதலின் மரநிழல் தகரநிழல்போற் சுடுவதில்லை. வேம்பு, மா, புங்கு, இலுப்பை ஆகியன அடர்ந்த நிழல் தருவன. முருங்கையின் நிழல் ஐதானது. வெப்ப மாதங்களிற் சூரியன் நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே விலகும் வரை மறைவதால், மரத்தை மேற்குக்கும் வடமேற்குக்கும் இடைப்பட்ட பகுதியில் நடுதல் தக்கது. அத்திவாரத்துக்கும் கிணற்றுக்கும் போதிய தூரத்தில் நடவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மரம் வளரும்வரை காத்திருக்க இயலாதோர்க்குக் கொடிப்பந்தல் உதவும். பாகல், புடோல், பயற்றை முதலியன சில மாதங்களிலேயே பந்தலை மூடும். கொடித்தோடையும் முந்திரிகைக் கொடியும் பல ஆண்டு நிற்கும். பந்தற் கால்களாகப் பூவரசங் கதியாலை நாட்டின், அது தளிர்த்து வேரூன்றும். உலர்ந்த கால்போற் கறையானுக்கு எளிதில் இரையாகாது. அதன் குழை தோட்டத்துக்குப் பசளையுமாகும்.

கிடுகுக்குள்ள குறைகளையும் மறைத்தலாகாது. ஓரிரு ஆண்டுகளிற் கிடுகு உக்கிவிடும். பனையோலை அதனினுஞ் சற்று நீடித்து நிற்கும். இரண்டும் எளிதில் தீப்பற்றுவன. ஆதலின் அடுக்களைப் புகைபோக்கிக்கும் மின்கம்பிக்கும் அண்மையில் ஆகா. கிடுகு பின்னுவோரும் வேய்வோரும் அருகிவருவதால் ஆண்டுதோறும் வேய்தல் சில ஊர்களிற் கடினமாகியுள்ளது. ஆகவே தகரத்தை நாடுவோரைக் குறைகூறுதல் பொருந்தாது. தகரத்தைப் பயனுறுமாறு அமைக்கும் வழியைக் காட்டுதலே வேண்டற்பாலது. மேற்புறத்துக்கு வெண்ணிறம் பூசுதல் ஒரு வழி. தகரத்தின்மேற் கிடுகு பரப்பிக் கயிற்றாற் கட்டுதல் மற்றொரு வழி. தகரத்தின்கீழ்ச் சிலாகை அடித்துச் சில அங்குலம் இடைவெளி விட்டு, இருமுனையுந் திறந்தவாறு ஓலைப்பாய் அல்லது பலகைத் தட்டு அமைத்தல் மூன்றாவது. முதலிரு வழிகளும் தகரத்தின் சூட்டைக் குறைக்கும்; மூன்றாவது அச்சூடு கீழே இறங்காது தடுக்கும்.

சந்தையிற் கிடைக்கும் பச்சை நிழல்வலை, தடுக்கும் ஒளியின் நூற்றுவீதத்தைக் கொண்டு 50, 75 எனப் பல தரங்களில் விற்கப்படுகின்றது. வலை சூடேறினும் காற்று அதனூடு செல்வதால் அச்சூடு தங்குவதில்லை. மழையை அது தடுக்காது. செடிகளுக்கும் கோடை முற்றத்துக்கும் ஏற்றது. ஒளியூடு செல்லும் பிளாத்திக்குத் தகடு வெளிச்சத்தைத் தரினும் கதிரின் ஒரு பெரும் பகுதியை உள்ளே விடுவதால், மேற்கிலும் உச்சியிலும் அதனைத் தவிர்த்தல் வேண்டும். பழைய கல்நார்த் தகட்டை எடுத்துப் பத்திக்குப் பயன்படுத்துதல் அறவே கூடாது. எல்லாவகைக் கல்நாரும் புற்றுநோய் விளைக்கவல்லன என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. அதனை வாளால் அரிந்தும் உடைத்தும் கையாளும்போது அதன் நுண்ணிய நார் மூச்சோடு உட்செல்லும்.

காற்றின் வலிமையையுங் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதச் சூறாவளியை வடமாகாணம் கண்டுள்ளது. திறந்த பத்தியின் அடியிற் புகுங் காற்று தகரத்தை மேல்நோக்கித் தூக்கும். கழன்று பறக்குந் தகரம் உயிருக்கே ஊறு செய்யும். கப்புகளை ஆழ நாட்டி, வளையையும் சிலாகையையும் உறுதியாகப் பிணித்தல் இன்றியமையாதது. கோடைப் பந்தலின் தட்டியையும் வலையையும் ஐப்பசி மழைக்கு முன்னர் அவிழ்த்து வைத்தல் மழைக்கால வெளிச்சத்துக்கும் பாதுகாப்புக்கும் உகந்தது.

மேற்கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டிற் பொருத்திப் பார்க்கலாம். மேற்கு நோக்கிய வாயிலும், சிறிய முற்றமும், அளவான வருவாயும் உடைய குடும்பமொன்று எதை முதலிற் செய்தல் வேண்டும்? முன்புறம் முழுவதும் தகரம் இறக்குதற்குரிய பணத்தைச் செலவிடுமுன், வடமேற்கு மூலையில் ஒரு வேம்போ மாவோ நடல் வேண்டும். அது வளருமளவும் வாயிலின் இருபுறத்தும் சுவரினின்று ஒரு மீற்றர் தள்ளிக் கொடிப்பந்தலோ கிடுகுத் தட்டியோ நிறுத்தல் வேண்டும். வாயிலின் முன் மழைக்கும் வெயிலுக்கும் ஆறடிப் பத்தி ஒன்று போதும். தகரமாயின் அது வெண்ணிறம் பூசியதாய், உயர்ந்ததாய், மேலே காற்றுவழி உடையதாய் இருத்தல் வேண்டும். முற்றத்தில் நடைபாதைக்கு மட்டும் சீமெந்து இட்டு, எஞ்சிய நிலத்தை மண்ணாக விடல் வேண்டும். இவை யாவற்றுக்கும் ஆகுஞ் செலவு பெருந் தகரப் பந்தலின் செலவிற்கு மேற்படாது.

நிழலைத் தெரிந்தமைத்தல் சிறு செய்தியெனத் தோன்றலாம். பங்குனி சித்திரை மாதங்களில் நாள் முழுவதும் வீட்டிலேயே இருப்போர் முதியோரும், நோயாளரும், குழந்தைகளும், அவர்களைப் பேணும் பெண்களுமாவர். உடலின் வெப்பத்தை ஆற்றும் வலி குன்றியோர்க்கு இரவிலும் ஆறாத அறை உயிருக்கு இடர் விளைக்கும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் உறக்கமும் அவ்வறையிற் கெடுகின்றது.

இவ்வுண்மைகளை ஏட்டளவில் ஏற்றுக்கொள்ளுதலினும் அளந்தறிதல் சிறந்தது. வளவின் நடுவே ஒரு கோலை நாட்டிக் காலை ஒன்பது மணி, நண்பகல், பிற்பகல் நான்கு மணி ஆகிய வேளைகளில் அதன் நிழல்நுனியைத் திங்களுக்கொரு முறை குறித்துவரின், அவ்வளவிற்குரிய சூரிய வழி ஓராண்டில் வரைபடமாகக் கிடைக்கும். ஒரே வகையான இரு வெப்பமானிகளின் குமிழ்களைக் கரிபூசிக் கருமையாக்கி, ஒன்றைத் தகரத்தின்கீழும் மற்றொன்றைக் கிடுகின்கீழும் ஒரே உயரத்திற் தொங்கவிட்டு நோக்கின், இரு நிழல்களுக்கும் உள்ள வேற்றுமை எண்ணாகவே புலப்படும். இதற்கு வேண்டிய கருவிகள் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே உள்ளன. இவ்வாறு அளந்தறிந்த மாணவர் நாளை தத்தம் வீடுகளை அமைக்கும்போது, முற்றத்து மரத்தைத் தறிக்குமுன் ஒருமுறை நின்று சிந்திப்பர்.